வாசலில் ஓடும் சாலை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் பேச எழுந்தால் கல்வி, ஒழுக்கம், தாய்மொழிப் பற்று இவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று சபையோர் எதிர்பார்ப்பது வழக்கம். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் பேசப் போவது, நம் பள்ளி வேலியை ஒட்டி ஓடுகிறதே, அந்தச் சாலையைப் பற்றி. இன்று மாலை நீங்கள் எல்லாரும் அதில்தான் வந்தீர்கள். விழா முடிந்ததும் அதில்தான் திரும்பிப் போவீர்கள். என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் பாதிப் பேர் நாற்காலியில் நெளிய வேண்டி வரும்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அந்தச் சாலையின் பழைய முகம் நன்றாக நினைவிருக்கும். தோட்டம் முழுவதும் பால்மரமாக இருந்த காலத்தில் அது வெறும் செம்மண் சாலை. மழை பெய்தால் குழி, வெயில் அடித்தால் புழுதி. தோட்டத்து லோரி, துரையின் ஜீப், கிராணியாரின் மோட்டார் இந்த மூன்றும் போய்விட்டால் அன்றைய போக்குவரத்து முடிந்தது. எந்த வண்டியானாலும் அந்தக் குழிகளில் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போக முடியாது. ஆகவே சாலை என்பது லயத்தின் நீண்ட வாசலாகவே இருந்தது. சாயங்காலமானால் பையன்கள் கோலி அடிப்பார்கள், பெண் பிள்ளைகள் நொண்டி ஆடுவார்கள், பாட்டிமார்கள் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். யாரும் யாரையும் 'ஓரமாப் போ' என்று விரட்டவில்லை.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தின் ஒரு பகுதி விலை போய், தாமான் எழுந்தது. லயத்தில் இருந்தவர்களில் பலரும் அந்தத் தாமான் வீடுகளுக்கே குடிபோனார்கள். சாலைக்குத் தார் போட்டார்கள். தார் வேண்டும் என்று மனுக் கொடுத்து நடையாய் நடந்தவர்கள் நம்மவர்கள்தாம். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இடுப்பு வலி கண்ட பெண்ணை அந்தக் குழிகளில் வண்டியேற்றிக் கொண்டுபோன கதைகளை என் தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தார் போட்டவர்கள் அகலமாகவும் நேராகவும் போட்டார்கள். பெரிய சாலையில் சமிக்ஞை விளக்கு வந்ததும், விளக்கில் காத்து நிற்க மனமில்லாதவர்கள் நம் சாலையைக் குறுக்கு வழியாக்கிக் கொண்டார்கள். நாம் குழிகளை அடைத்தோம். குழிகள் இத்தனை காலம் செய்துவந்த வேலை ஒன்று இருந்ததே, அதைச் செய்ய வேறு எதையும் வைக்கவில்லை.

கோயில் வளைவிலிருந்து தாமான் கடைசி வரிசை வரை அந்தச் சாலை ஏறக்குறைய 800 மீட்டர். அந்த 800 மீட்டருக்குள் ஒரு கோயில், ஒரு தமிழ்ப் பள்ளி, ஒரு பாலர் பள்ளி, இரண்டு மளிகைக் கடை, ஒரு ரொட்டிச் சானாய்க் கடை, இரு பக்கமும் வீடுகள். நடைபாதை கிடையாது. சாக்கடைக்கு மூடி கிடையாது. ஆகையால் நடந்து வரும் பிள்ளை தார் மேல்தான் நடக்க வேண்டும். காலை 7 மணி தொடங்கி 7.30க்குள் அந்தத் தாரில் பள்ளி வேன், பெற்றோர் கார், வேலைக்கு ஓடும் மோட்டார், பழம் ஏற்றப் போகும் லோரி, புத்தகப் பை சுமந்த பிள்ளை எல்லாரும் ஒன்றாகச் சேர்கிறார்கள்.

இவ்வாண்டின் நடுப்பகுதியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், கடையிலிருந்து பள்ளி வாசலுக்குக் குறுக்கே வந்தபோது மோட்டாரில் அடிபட்டான். கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் பள்ளிக்கு வரவில்லை. கடவுள் புண்ணியத்தில் இன்று நடக்கிறான். மோட்டாரில் வந்தவன் யார்? நம் பள்ளியில் படித்து வெளியேறிய பையன்தான். தொழிற்சாலையில் காலை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்க் கொண்டிருந்தான். கூடியிருந்தவர்கள் அவனை அடிக்கப் போனார்கள். அவனோ சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். 'அம்பதுலதான் வந்தேன் டீச்சர், அம்பதுலதான் வந்தேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். அந்தச் சாலையில் 50 என்பது யாருக்கும் வேகமாகத் தோன்றாது. கவலை தருவதும் அதுவேதான்.

அன்று மாலை பலர் என்னிடம் சொன்ன ஒரே யோசனை, 'பிள்ளைகளுக்கு ரோட்டைப் பார்த்துக் கடக்கச் சொல்லிக் கொடுங்க' என்பது. சொல்லிக் கொடுக்கிறோம். வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடியும் வலது பக்கம் பார் என்று முதலாம் ஆண்டிலிருந்து பாட்டாகவே பாடுகிறோம். இனியும் பாடுவோம். ஆனால் பார்ப்பது வேறு, பார்த்ததை அளப்பது வேறு. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். எதிரே வரும் வண்டி நெருங்க நெருங்கப் பெரிதாகத் தெரியும் அல்லவா? அது எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டுதான் நம் மூளை வேகத்தை மட்டிடுகிறது. பெரியவர்களுக்கு இது தானாக வருகிறது. பிள்ளைகளுக்கோ, வண்டி மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேல் வந்தால், அது நெருங்கி வருகிறது என்பதே சரிவரப் புலப்படுவதில்லை. வேகமாக வரும் வண்டி அவர்கள் கண்ணுக்கு நிற்பது போலவும் தோன்றலாம். கவனக் குறைவு என்று நாம் திட்டுகிறோம். உண்மையில் அந்தத் திறன் இன்னும் வளரவில்லை. பால் பல் விழாத பிள்ளையைக் கரும்பு கடிக்கவில்லை என்று ஏசுவது போன்றது அது.

சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் அம்மையார் 1960-களிலேயே இதைச் சொன்னார். பிள்ளைகளைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி முழுவதுமாகப் பழக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருக்கும் எந்த ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார். பந்து உருண்டால் பிள்ளை பின்னால் ஓடும். எதிர்ப்புறம் அம்மா கையசைத்தால் ஓடும். ஓடாத பிள்ளை வேண்டுமென்றால் பிள்ளையே பிறந்திருக்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மாணவர்கள் பயப்பட வேண்டாம், சோதனையில் வராது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். மணிக்கு 30 என்றால் வினாடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். குறுக்கே ஒரு பிள்ளை வருகிறது. அதைக் கண்டு, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு வினாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30-இல் வருபவர் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டர் கடந்து, பிறகு பிரேக் பிடித்து இன்னொரு 5 மீட்டரில் நின்றுவிடுகிறார். மொத்தம் 13 அல்லது 14 மீட்டர். 50-இல் வருபவரோ அந்த 14 மீட்டர் வரை பிரேக்கையே தொடவில்லை. முழு வேகத்தோடு போய்க்கொண்டிருக்கிறார். பிரேக் பிடித்த பிறகு அவருக்கு இன்னும் 14 மீட்டர் வேண்டும். இது காய்ந்த சாலைக்கும் நல்ல டயருக்கும் போட்ட கணக்கு. காலை மழையில், தேய்ந்த டயரில் எப்படி என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆக 14 மீட்டர் தூரத்தில் குறுக்கே வரும் பிள்ளையை 30-இல் வரும் வண்டி தொடுவதே இல்லை. 50-இல் வரும் வண்டி முழு வேகத்தில் மோதுகிறது. இருபது கிலோமீட்டர்தானே என்கிறோம், அந்த இருபதுக்குள் இருப்பது இவ்வளவு. அந்த அடி எப்படிப்பட்டது என்பதற்கும் கணக்கு உண்டு. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 50-இல் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நம்மூர்க் கணக்கில் சொன்னால், முதலாவது லயத்துக் கூரையிலிருந்து விழுவது. இரண்டாவது, நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறோமே, அந்த முதிர்ந்த செம்பனையின் உச்சியிலிருந்து விழுவது. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று அறிவியல் பாடத்தில் வருவதன் பொருள் இதுதான்.

சரி, மெதுவாகப் போனால் நமக்கு என்ன நட்டம்? 800 மீட்டரை 50-இல் கடக்க 58 வினாடி. 30-இல் கடக்க 96 வினாடி. வித்தியாசம் 38 வினாடி. ரொட்டிச் சானாய்க் கடையில் தே தாரேக் ஆற்றிக் கொடுக்கும் நேரம்கூட இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இதை அறியாமல் இல்லை. 1989 முதல் நெடுஞ்சாலைகளில் 110, கூட்டரசு, மாநிலச் சாலைகளில் 90 என்று பொது வேக வரம்பு இருக்கிறது. பள்ளி வட்டாரத்தில் 30 என்று பலகை வைக்கிறார்கள். நம் பள்ளிக்கு முன்னாலும் ஒரு பலகை உண்டு, மழைமரக் கிளைக்குப் பின்னால். தேடிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். பெரிய சாலையில் 90-இல் வந்து நம் சாலைக்குள் திரும்புபவருக்கு 60 என்பது ஊர்வது போல இருக்கும். கண்ணும் காலும் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டன. அகலமான, நேரான, மழமழவென்ற சாலை 'போ, போ' என்று சொல்லும்போது, கிளைக்குப் பின்னால் நிற்கும் ஒரு தகரம் 'மெதுவாக' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,152 பேர் சாலையில் உயிரிழந்தார்கள். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 20 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், அதாவது நம் வீட்டு இளைஞர்களைப் போன்றவர்கள். மெதுவான சாலை நடக்கிற பிள்ளைக்கு மட்டும் நல்லதல்ல. அன்று அழுதுகொண்டிருந்தானே, அந்தப் பையனுக்கும் நல்லது.

'இதெல்லாம் நம்ம கையிலயா இருக்கு டீச்சர்?' என்று ஒரு தகப்பனார் கேட்டார். ஹாலந்து நாட்டுக் கதையை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடு அது. ஆனால் 1971-இல் அங்கே ஏறக்குறைய 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகியது. தாய்மார்கள் சாலைக்கு வந்தார்கள். தெருவை அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அதற்குச் சற்று முன்பே, 1960-களின் இறுதியில், டெல்ஃப்ட் என்ற ஊரில் குடியிருப்புத் தெருக்களையே மாற்றி அமைக்கத் தொடங்கியிருந்தார்கள். நேர்ச் சாலையை வளைத்தார்கள், நடுநடுவே மரம் வைத்தார்கள், பூந்தொட்டி வைத்தார்கள், நடைபாதை வேறு சாலை வேறு என்ற வரம்பை எடுத்தார்கள். வண்டி வரலாம், ஆனால் நடக்கிற வேகத்தில்தான் வரவேண்டும். 1976-இல் அது சட்டமாகியது. அத்தகைய தெருவுக்கு அவர்கள் வைத்த பெயரை நம் மொழியில் 'குடியிருக்கும் முற்றம்' என்று சொல்லலாம். அதைப் படித்தபோது எனக்கு நம் பழைய லயத்து வாசல்தான் கண்முன் வந்தது. நம்மிடம் இருந்து போனதை அவர்கள் பாடுபட்டுக் கட்டியிருக்கிறார்கள். இன்று அந்த நாட்டில் சாலையில் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 பேர். கார்களோ அன்றைவிடப் பல மடங்கு.

இன்னும் சொன்னால், ஆஸ்திரியாவில் கிராஸ் என்ற நகரம் 1992-இல் முக்கியச் சாலைகள் நீங்கலாக ஊர் முழுவதற்கும் 30 என்று வைத்தது. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்கு 30. அங்கே 2019-ஆம் ஆண்டு முழுவதிலும் நடந்து செல்பவர் ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், மக்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30 என்பதே வரம்பாக இருக்கட்டும் என்று அறிக்கை விட்டார்கள். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில், முதியோர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் 2014 முதல் சாலையைக் குறுக்கி, வளைத்து, நடுவில் நின்று கடக்க மேடை வைத்து வேகத்தைக் குறைத்து வருகிறார்கள். கடிதாசியில் எண்ணை மாற்றியதோடு நிற்காமல் சாலையின் உருவத்தையே மாற்றியவர்கள் இவர்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உருவம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சாலையில் போடும் மேடுதான். வேகத்தடை என்று எழுதுகிறோம், பம்ப் என்று பேசுகிறோம், மலாய் மொழியில் பொங்கோல். இதிலே எனக்கு ஒரு வேடிக்கையான செய்தி கிடைத்தது. அமெரிக்காவில் ஆர்தர் காம்ப்டன் என்ற பௌதிக அறிஞர், 1927-இல் நோபல் பரிசு பெற்றவர், தாம் தலைவராக இருந்த பல்கலைக்கழகத்தின் வாசலில் வண்டிகள் பறப்பதைப் பொறுக்க மாட்டாமல் 1953-இல் சாலை மேடு ஒன்றைத் தாமே வடிவமைத்தாராம். அணுவுக்குள் புகுந்து ஆராய்ந்தவருக்கும் பள்ளி வாசல் தொல்லை இருந்திருக்கிறது.

அதே தகப்பனார் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். 'ஒரு லோரி தார் கெடைச்சா போதும் டீச்சர், ராத்திரியோட ராத்திரியா நாங்களே போட்டுருவோம்' என்றார். அவர் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தயவுசெய்து போட வேண்டாம். மன்றத்தின் அனுமதி இல்லாமல் போடுவது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாமே கொட்டும் மேடு குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைந்துவிடும். அப்படிப்பட்ட மேட்டில் மெதுவாக வருபவருக்குத்தான் இடுப்பு ஒடியும். வேகமாக வரும் காரின் ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும், ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம் 1970-களில் சோதித்துக் கண்டது இது. அதனால்தான் அவர்கள் ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளத்துக்கு, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு, முதலை முதுகு போல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேட்டை வடிவமைத்தார்கள். மெதுவாகப் போனால் தூளி ஆட்டுவது போல இருக்கும். வேகமாகப் போனால்தான் தூக்கிப் போடும். மேலும் வர்ணம் பூசாத, விளக்கில்லாத மேட்டில் இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும் நம் பிள்ளையே விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வான். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் இன்னொரு பிள்ளையை இழக்கலாமா?

எதிர்ப்புச் சொல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களை நான் கேலி செய்யவில்லை. 'ஆம்புலன்ஸ் வரணுமே' என்றார் ஓர் அம்மா. அவர் கணவர் இருதய நோயாளி, நியாயமான கேள்வி. மேடு ஒவ்வொன்றும் ஆம்புலன்சைச் சில வினாடிகள் தாமதப்படுத்தத்தான் செய்யும். ஆதலால்தான் சாலை முழுவதும் மேடாக அடுக்க வேண்டாம் என்கிறோம். பள்ளி வாசலில் ஒன்று, கோயில் வளைவில் ஒன்று போதும். மற்ற இடங்களில் சாலையைக் குறுக்கலாம், ஓரத்தில் நடைபாதை கட்டினாலே தார் தானாகக் குறுகிவிடும். பெரிய வண்டியின் சக்கரம் இரு பக்கமும் தப்பிப் போகும்படி மெத்தை போன்ற சிறு மேடுகளும் உண்டு. பழ லோரி மேட்டில் குதித்தால் பழம் சிதறும், சத்தம் கேட்கும் என்றார் இன்னொருவர். பழ லோரி எதற்காகப் பள்ளி நேரத்தில் இந்த வழியாக வர வேண்டும்? தோட்டத்துப் பின் சாலை இருக்கிறது. ஏழிலிருந்து எட்டு வரையிலும், பள்ளி விடும் நேரத்திலும் அதில் போகலாமே என்று நிர்வாகத்தாரிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மறுக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குறுக்கு வழியில் வரும் அந்நியர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம் நாம். எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வாசலுக்குள் நிறுத்தி ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கு எதிரே இரண்டு விளக்குக் கம்பங்கள் 50 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 30-இல் போகும் வண்டி ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் போக 6 வினாடி ஆகும். முதல் கம்பத்தை வண்டி தாண்டியதும் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ண வேண்டும். நான்கு என்று சொல்லும்போதே பல வண்டிகள் இரண்டாவது கம்பத்தைத் தாண்டிவிட்டன. நான்கு என்றால் 45. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். திடீரென்று ஒரு சிறுமி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஏனம்மா என்றேன். 'அது எங்கப்பா காரு டீச்சர்' என்றாள். தலைமையாசிரியர் முன்னிலையில் உண்மையைச் சொல்கிறேன், அன்று காலை நாங்கள் கண்ட வண்டிகளில் நிறைய, இதே மண்டபத்துக்கு வெளியே இப்போது நிற்கின்றன. தம் பிள்ளையை வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டு, அடுத்தவர் பிள்ளைக்கு முன்னால் பறக்கிறோம். மழை நாளில் இன்னும் மோசம். வாசலை அடைத்து இரண்டு வரிசை கார் நிற்கும், இடையில் பிள்ளை நுழைந்து வரும், ஓட்டுபவருக்குத் தலைகூடத் தெரியாது.

ஆகையால் மன்றத்துக்குக் கொடுக்க இருக்கும் மனுவோடு, நமக்குள் ஓர் ஏற்பாடும் வேண்டும் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். திங்கட்கிழமை முதல் பெற்றோர் கார்கள் பள்ளி வாசலுக்கு வராமல், கோயில் திடலில் நிறுத்திப் பிள்ளைகளை இறக்க வேண்டும். அங்கிருந்து வாசல் வரை இரண்டு ஆசிரியர்களும் முறைபோட்டு வரும் இரண்டு பெற்றோர்களும் கூட்டி வருவார்கள். கோயில் நிர்வாகத்தார் திடலைத் தர மனமுவந்து சம்மதித்திருக்கிறார்கள். வேன் ஓட்டும் அண்ணன்மார்களிடமும் பேசியாகிவிட்டது. அவர்களில் மூத்தவர், 'முப்பதுல போனா அடுத்த தடவைக்கு நேரமாகும் டீச்சர், பரவால்ல, அஞ்சு நிமிசம் முன்னாடியே கெளம்பிக்கிறேன்' என்றார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய வாக்குறுதி எனக்குத் தேவையில்லை.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த 800 மீட்டருக்கும் நாள் முழுவதும் 30 என்ற வரம்பு கேட்கிறோம். பள்ளி நேரத்துக்கு மட்டும் போதாது, ஏனென்றால் பிள்ளைகள் மாலையிலும் அங்கேதான் இருக்கிறார்கள், பாட்டிமார்கள் கோயிலுக்கு இரவிலும் நடக்கிறார்கள். பள்ளி வாசலில் நடந்து கடக்கும் வெள்ளைக் கோட்டையே மேடையாக உயர்த்திக் கட்டித் தரும்படி கேட்கிறோம். சாக்கடையை மூடி நடைபாதை கேட்கிறோம். குறுக்கு வழியின் இரு முனையிலும் சாலையைக் குறுக்கி, 'இது குடியிருப்பு' என்று வருபவர் கண்ணுக்குத் தெரியும்படி வாசல் போல அமைக்கக் கேட்கிறோம். எல்லாம் ஒரே ஆண்டில் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. தார்ச் சாலைக்கு நம் பெரியவர்கள் எத்தனை முறை நடந்தார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். மழைமரக் கிளையை வெட்டிப் பலகையைக் காட்டுவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பள்ளித் தோட்டக்காரர் ஐயா நாளைக் காலை ஏணி கொண்டு வருகிறார்.

மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவிகள் இருவர் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெயரும் வீட்டு எண்ணும் அடையாளக் கார்டு எண்ணும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தாமானில் வீடு உள்ளவர்களின் கையெழுத்து மிக முக்கியம். வியாழக்கிழமை சங்கத் தலைவர் மாவட்ட மன்றத்துக்கு எடுத்துப் போகிறார், கூட வர விரும்புகிறவர்கள் அவரிடம் பெயர் கொடுக்கலாம். கையெழுத்துப் போட விருப்பமில்லாதவர்கள் அந்த மேசையிலேயே காரணத்தை எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்தே கொடுப்போம்.

இனிப் பரிசு நேரம். பிள்ளைகள் பொறுமையிழந்து காலாட்டுவது மேடையிலிருந்து நன்றாகவே தெரிகிறது. விழா முடிந்ததும் அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடுவார்கள், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கிப் பார்த்து எடுங்கள்.